அம்மா பாதி நடித்த பிரெஞ்சுப் படம்

என் அம்மா ஒரு பிரெஞ்சு சினிமாவில் நடித்திருக்கிறாள். சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவி ஈரத்துணியால் துடைக்கிற வேலை பார்த்தவள் அவள். பிரான்சு எங்கே இருக்கிறது என்று கேட்டால் புதுச்சேரி பக்கமாகக் கையைக் காட்டுவாள். ஆனாலும் நடித்தாள், பாதிப் படம் வரைக்கும்.

நான் அப்போது அரசுக் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா மினி லாரி ஓட்டினார். பீங்கான் கம்பெனிகளில் சரக்கை ஏற்றி ரயில்வே ஜங்ஷனில் கொண்டுபோய் இறக்குவார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் கை கழுவும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"புதுச்சேரியிலேர்ந்து வெள்ளைக்காரங்க வந்துருக்காங்க. சினிமா எடுக்கப் போறாங்களாம், உங்க அம்மா வேலை செய்யிற கம்பெனியிலதான். சாமான் ஏத்தணும்னு என் வண்டியப் பேசினாங்க. போய்ப் பாத்தா ரெண்டே ரெண்டு பொட்டி. மடியில வச்சிக்கிட்டே வந்துருக்கலாம்."

உண்மைதான். வந்தவர்கள் ஐந்தாறு பேர். அவர்களோடு, புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சர் மொழிபெயர்க்க வந்திருந்தார். கேமரா உள்ளங்கையில் அடங்கிவிடும். டிஜிட்டல் கேமரா அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. ஃபிலிம் சுருள் வேண்டாம், பெரிய விளக்குகள் வேண்டாம், அதனால் குறைந்த செலவில் படம் எடுத்துவிடலாம் என்று அந்த டைரக்டர் கிளம்பி வந்திருக்கிறார். எங்கள் ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவரின் கேமராவே அதைவிடப் பெரிது.

அது சிரிப்புப் படம். பிரான்சில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கும் ஆள், தன் கடைக்கு யானை பொம்மை வாங்க இந்தியாவுக்கு வருகிறான். வந்த இடத்தில் தொட்டதெல்லாம் தப்பாகப் போகிறது. பீங்கான் கம்பெனியில் மண் கரைத்து வைத்திருக்கும் தொட்டியில் அவன் வழுக்கி விழ வேண்டும், அங்கே வேலை செய்யும் பெண்கள் சிரிக்க வேண்டும். விருத்தாசலத்தில் எடுக்க வேண்டியது அவ்வளவுதான்.

அம்மாவும் மற்றவர்களும் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்களாம். ஒன்றிரண்டு முறை எடுத்தும் சரியாக வரவில்லை. நடிகர் இன்னொரு தடவை ஒத்திகை பார்க்கத் தொட்டி ஓரமாக நடந்தபோது, கேமராவைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே நிஜமாகவே கால் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாதான் ஓடிப்போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"யோவ், கண்ணு எங்கய்யா இருக்குது உனக்கு? காலையிலேர்ந்து கரைச்ச மண்ணுய்யா இது!"

திட்டிக்கொண்டே இழுத்தவள், கண்ணும் பல்லும் மட்டும் தெரிய வெள்ளை வெளேரென்று எழுந்து நின்ற அந்த மனிதரைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்திருக்கிறாள். அடக்க முடியவில்லை. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வண்டியோடு வாசலில் காத்திருந்த அப்பாவும் உள்ளே வந்து பார்த்துச் சிரித்தாராம்.

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னதெல்லாம் அந்தக் கேமராவைப் பற்றித்தான். எடுத்த உடனே அதன் பக்கத்தில் மடிந்திருந்த சின்னக் கண்ணாடித் திரையைத் திறந்து அவளுக்கே போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

"என் பல்லு இவ்ளோ தெரியும்னு எனக்கே தெரியாதுடி. நானா இதுன்னு இருக்குது" என்றாள்.

மறுநாள் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். டைரக்டர் ராத்திரியோடு ராத்திரியாகக் கதையை மாற்றிவிட்டாராம். தொட்டியில் விழுந்தவனின் ஒற்றை ஷூ உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அவன் இன்னொரு ஷூவோடு மட்டும் புதுச்சேரிக்கு ஓடிப்போகிறான். அவனைத் தூக்கிவிட்ட அம்மா ஷூவைத் தேடி எடுத்துக் கழுவி, கொடுத்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறிப் போகிறாள். அவன், தன்னை அடிக்கத்தான் துரத்தி வருகிறாள் என்று நினைத்துத் தெருத்தெருவாக ஓடுகிறான். படத்தின் மீதிப் பாதி முழுக்க இதுதான்.

"அக்கா நாலஞ்சு நாள் புதுச்சேரிக்கு வரணும். என் வீட்டுலயே தங்கிக்கலாம். பாப்பாவும் கூட வரட்டும்" என்றார் டீச்சர்.

அப்பாதான் முதலில் தலையாட்டினார். "அதுக்கென்னாம்மா, போயிட்டு வரட்டும்" என்று சொல்லி, கடைக்குப் போய் கலர் சோடா வாங்கி வந்து டீச்சருக்கு உடைத்துக் கொடுத்தார். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. மேல் தெரு வரை போய் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிவிட்டும் வந்தார்.

சொன்னதுதான் வினையாகிவிட்டது. ஜங்ஷன் டீக்கடையில் லாரிக்காரர்கள் கூடுவார்கள். அங்கே அப்பாவுக்கு நெருங்கிய சிநேகிதர் ஒருவர், அவரும் டிரைவர்தான், எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

"கல்யாண வீடியோ எடுக்குற கேமராவுல எவன்டா சினிமா எடுப்பான்? லைட்டு இல்ல, ஜெனரேட்டர் இல்ல, கூட்டம் இல்ல. ரூமுக்குள்ள வச்சி எடுக்குற படத்துக்குத்தான் அந்த மாதிரி சின்ன கேமரா வேணும். தெரிஞ்சிதான் அனுப்புறியா?"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்பா வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா கிளம்பத் தயாரானாள். தொட்டிக் காட்சியில் கட்டியிருந்த அதே புடவையைத்தான் கட்ட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மஞ்சள் பூப்போட்ட பச்சைப் புடவை. மண் கறை போக இரண்டு தடவை துவைத்து, இஸ்திரி வண்டியில் கொடுத்து வாங்கி வைத்தாள். புதுச்சேரி வேன் காலையில் வாசலுக்கு வந்தபோது தலை சீவி, பூ வைத்து, கையில் பையோடு நின்றாள். அப்பா வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டார்.

"போவ வேணாம்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "என்னாங்க?"

"போவ வேணாங்கறேன்."

"நீங்கதான சரின்னீங்க?"

"அப்ப சொன்னேன். இப்ப வேணாங்கறேன்."

டீச்சர் வேனிலிருந்து இறங்கி வந்தார். "அண்ணா, எதுன்னாலும் சொல்லுங்க. நீங்களும் கூட வாங்க. ஷூட்டிங் நடக்கும்போது பக்கத்துலயே இருங்க."

"எங்க வூட்டுப் பொம்பளய எங்க அனுப்பணும்னு எங்களுக்குத் தெரியும்மா" என்றார் அப்பா. அவர் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா பையைக் கீழே வைத்தாள். "காரணத்த சொல்லுங்க. நா போவல. காரணம் மட்டும் சொல்லுங்க."

நான் நிற்கிறேன், டீச்சர் நிற்கிறார், வேன் டிரைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். டீக்கடையில் கேட்டதை அப்பா எப்படி வாய்விட்டுச் சொல்வார்? சொல்ல முடியாத கோபத்தில், "போனா அப்படியே போயிடு. திரும்பி வராத" என்றார்.

அம்மா டீச்சரிடம் கேட்டாள். "நா வரலன்னா படம் நின்னுடுமா?"

"நிக்காதுக்கா. ஏதாவது பண்ணிப்பாங்க."

"அப்ப பண்ணிக்கச் சொல்லுங்க."

உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். அந்தப் பச்சைப் புடவையை மடித்து டீச்சர் கையில் கொடுத்தாள். "இத வேணா எடுத்துட்டுப் போங்க. வேற யாராச்சும் கட்டிக்கட்டும்." அதற்குள் கம்பெனிக்கு நேரமாகியிருந்தது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். தலையில் வைத்த பூ அப்படியே இருந்தது.

ஒரு வருடம் கழித்து டீச்சர் ஒரு டிவிடியைத் தபாலில் அனுப்பினார். எங்கள் தெருவில் கேபிள் டிவிக்காரரிடம் மட்டும்தான் பிளேயர் இருந்தது. அம்மா வரவில்லை, நானும் அப்பாவும் போனோம். தட்டை உள்ளே தள்ளியதும் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து வந்து நின்றுவிட்டது. கேபிள்காரர் துடைத்துப் பார்த்தார், திருப்பிப் போட்டுப் பார்த்தார். "இது அந்த ஊர் பிளேயர்லதாங்க ஓடும். நம்ம ஊர்ல ஓடாம இருக்க பூட்டு போட்டிருக்கான்" என்றார். அப்பாவுக்கு அன்று ஏமாற்றமா, நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. தட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அவர்கள் சண்டை போடாத, சாதாரணமான புருஷன் பெண்டாட்டியாகத்தான் வாழ்ந்தார்கள். என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நான் சேத்தியாத்தோப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன், குடியிருப்பது விருத்தாசலத்திலேயே, அவர்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா லாரியை விற்றுவிட்டார். அம்மாவுக்கு மூட்டு வலி வந்து வேலையை விட்டாள். அம்மா சிரிக்கவே இல்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். டிவி பார்த்துச் சிரிப்பாள், பேரனோடு சிரிப்பாள். தரையில் உட்கார்ந்துவிடும் அளவுக்கு ஒரு சிரிப்பை மட்டும் நான் பார்த்ததே இல்லை.

போன வருடம் எனக்கு ஒரு போன் வந்தது. அந்த டீச்சர்தான். ஓய்வு பெற்றுவிட்டாராம். கம்பெனியில் விசாரித்து என் நம்பரைப் பிடித்திருக்கிறார். சின்ன கேமரா வந்த புதிதில் எடுத்த படங்களைப் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் போட்டுக் காட்டப்போகிறார்கள், அதில் இந்தப் படமும் உண்டு, அக்காவை அவசியம் கூட்டி வர வேண்டும் என்றார்.

நான் சொன்னதும் அப்பா உடனே, "போவோம்" என்றார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இப்ப எதுக்கு?" என்று கேட்டாள். பொறுக்கி முடித்ததும் அவளாகவே, "சரி, என் பொடவ என்னா ஆச்சுன்னு பாத்துட்டு வருவோம்" என்றாள்.

மத்தியானக் காட்சி. மாணவர்கள் நிறைய வந்திருந்தார்கள். அப்பாவுக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நான். படம் ஓட ஆரம்பித்தது. இன்றைய போனில் எடுக்கும் வீடியோ கூட அதைவிடத் தெளிவாக இருக்கும். உருவங்களின் ஓரமெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிந்தது, சிவப்பு நிறம் வழிந்தது. கீழே ஓடிய ஆங்கில வரிகளைப் படித்து நான் அப்பாவின் காதில் கதை சொல்லிக்கொண்டே வந்தேன்.

கம்பெனி வந்தது. தொட்டி வந்தது. அந்த ஆள் விழுந்தான். பச்சைப் புடவையில் அம்மா ஓடி வந்தாள். அன்று அவளுக்கு இன்றைய என் வயதைவிடவும் குறைவு. "யோவ், கண்ணு எங்கய்யா இருக்குது உனக்கு?" தமிழ் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோருமே சிரித்தார்கள். அப்புறம் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். திரை முழுக்க அவள் முகம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்பா முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அம்மா கன்னத்தில் கைவைத்தபடி, யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து கதை புதுச்சேரிக்கு வந்தது. பஸ்ஸிலிருந்து பச்சைப் புடவை கட்டிய பெண் ஒருத்தி, கையில் ஒற்றை ஷூவோடு இறங்குகிறாள். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. திரும்புவாள் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. கடற்கரைச் சாலையில் நடக்கிறாள், மார்க்கெட்டில் வழி கேட்கிறாள், ஓட்டல் வாசலில் காவலாளியிடம் பேசுகிறாள். எல்லாம் பின்பக்கத்திலிருந்துதான். அந்த ஆள் அவளைக் கண்டு அலறி ஓடும்போதெல்லாம் அரங்கம் சிரித்தது. முகம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு குடை குறுக்கே வரும், கதவு சாத்திக்கொள்ளும், பஸ் கடந்து போகும். அதையே ஒரு வேடிக்கையாக ஆக்கியிருந்தார்கள். கடைசியில் ஒரு கை மட்டும் வந்து கடற்கரைச் சுவரில் ஷூவை வைத்துவிட்டுப் போகிறது. அந்த ஆள் அதை எடுத்து மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறான். படம் முடிந்தது.

விளக்கு போட்டார்கள். டீச்சர் மேடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாணவர் எழுந்து கேட்டார்.

"பாதிப் படத்துக்கு மேல அந்தப் பெண்ணோட முகத்தைக் காட்டவே இல்லையே, ஏன்? இந்த நாட்டை அந்த வெளிநாட்டுக்காரனால புரிஞ்சிக்க முடியலங்கிறதைத்தான் டைரக்டர் அப்படிச் சொல்றாருன்னு நான் நினைக்கிறேன். சரியா?"

டீச்சர் எங்கள் பக்கம் பார்த்தார். "அந்த அக்காவே வந்திருக்காங்க. அவங்களையே கேளுங்க" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். யாரோ மைக்கைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டார்கள். அம்மா எழுந்தாள்.

"அது நா இல்லீங்க. வேற ஒரு பொண்ணு. அன்னைக்கு எங்க வூட்ல விடல. அதான் முதுகையே எடுத்துட்டாங்க."

அன்று முழுவதும் படத்துக்குக் கூட அந்த அரங்கம் அப்படிச் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள். கேள்வி கேட்ட பையனும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அம்மாவும் சிரித்தபடி உட்கார்ந்தாள். அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே மாணவர்கள் அம்மாவோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டபோது டீச்சர் எங்களிடம் சொன்னார். டைரக்டர் முதலில் எழுதிய முடிவு வேறாம். கடற்கரையில் அம்மா அவனைப் பிடித்துவிட வேண்டும், நன்றாகத் திட்ட வேண்டும், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தொட்டியில் சிரித்த அதே சிரிப்பைச் சிரிக்க வேண்டும். மனம் மாறி வந்துவிடுவாள் என்று கொஞ்சநாள் ஷூட்டிங்கை நிறுத்திக் காத்திருந்தாராம்.

"அவர் இப்ப இல்ல. கடைசி வரைக்கும் அக்காவ விசாரிப்பாரு" என்றார் டீச்சர்.

விருத்தாசலத்துக்குத் திரும்பி பஸ் ஏறினோம். அப்பாவும் அம்மாவும் முன் சீட்டில், நான் பின்னால். வடலூர் வருவதற்கு முன்னால் அப்பா டீக்கடை விஷயத்தைச் சொன்னார். அதுவரை ஒருவரிடமும் சொல்லாதது. சிநேகிதர் கேட்டது, சுற்றி இருந்தவர்கள் சிரித்தது, எல்லாவற்றையும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

"அன்னைக்கு நா உன்ன போவ விட்டுருக்கணும்."

அவள் 'பரவாயில்லை' என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். அம்மாவுக்குப் பெரிய மனசு என்று ஊரில் பேர்.

"ஆமா, விட்டுருக்கணும்" என்றாள் அம்மா. பிறகு, "அன்னைக்கே இத சொல்லியிருந்தா, நீங்களும் வண்டியில ஏறுங்கன்னு இழுத்துட்டுப் போயிருப்பேன். எம்மேலதான் சந்தேகமோன்னு இத்தன வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். நெய்வேலி வரை எடுக்கவில்லை. அம்மா அவர் மேல் கை வைக்கவும் இல்லை, நகர்ந்து உட்காரவும் இல்லை.

அடுத்த வாரம் அப்பா அந்தப் பழைய சிநேகிதரைத் தேடிக்கொண்டு கம்மாபுரத்தில் அவர் மகன் வீட்டுக்குப் போனார். நான்தான் ஸ்கூட்டியில் அழைத்துப் போனேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஆசையாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா நடந்ததைச் சொல்லி, "நீ அன்னைக்கு அப்படி ஏன்டா கேட்ட?" என்றார்.

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "எப்படா? நானா? எனக்கு ஞாபகமே இல்லியே." பொய் சொல்லவில்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார். "தமாசுக்கு எதனா சொல்லியிருப்பன்டா. அதயா மனசுல வச்சிக்கிட்டு இருக்க?" என்று சிரித்தார். அப்பா டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். வரும் வழியெல்லாம், "ஞாபகம் இல்லியாம், ஞாபகம் இல்லியாம்" என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து டீச்சர் மறுபடி கூப்பிட்டார். அன்று அரங்கில் இருந்த மாணவர்கள் ஒரு குறும்படம் எடுக்கிறார்கள், அம்மா பேசியதைக் கேட்டதிலிருந்து அவளைத்தான் நடிக்க வைக்க வேண்டும் என்று நிற்கிறார்கள், ஒரே நாள் வேலைதான் என்றார். அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காருக்குச் சொல்லட்டுமா, மூட்டுக்கு நீ தைலம் எடுத்துக்கிறியா என்று அம்மாவின் பின்னாலேயே சுற்றினார்.

அம்மா மறுநாள்தான் பதில் சொன்னாள்.

"எனக்கு வேணாங்க. கோவத்துல சொல்லல. அன்னைக்கு நெஞ்செல்லாம் ஆசையா இருந்துச்சி. இப்ப தேடிப் பாத்தாலும் அது இல்ல. இல்லாதத வச்சிக்கிட்டு நா எங்க போயி நடிக்கறது?"

அப்பா வற்புறுத்தவில்லை. என் போனை வாங்கி டீச்சரிடம் தானே பேசினார். "அவங்களுக்கு இஷ்டம் இல்லீங்களாம்மா. அவங்க முடிவு பண்ணிட்டாங்க" என்றார். அப்பா அம்மாவை 'அவங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். ஒரு நிமிஷம் கத்தி நின்றது, பிறகு நறுக்கும் சத்தம் தொடர்ந்தது.